மூச்சு எண்ணுகிறவள்

அவளிடம் "சாப்பிட்டியா?" என்று கேட்டால், "பாதி சாப்பிட்டேன்க்கா" என்பாள். யாராவது அப்படிச் சொல்வார்களா? சாப்பிட்டேன், இல்லை, இனிமேல்தான் என்று மூன்று பதிலை வைத்துக்கொண்டு நாங்கள் எல்லாரும் காலம் தள்ளிக்கொண்டிருக்கிறோம். அவளுக்கு மட்டும் அது போதாது. தயிர்சாத டப்பாவைத் திறந்து மிச்சத்தைக் காட்டி, "பாதிதான்க்கா, பாத்துக்கங்க" என்பாள். எனக்கு எரியும்.

திருச்சுழிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம் அவளுக்கு. தினமும் பஸ்ஸில் அருப்புக்கோட்டையில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு டூட்டிக்கு வருவாள். தாமதமான நாட்களில், "பஸ்ஸு பதினோரு நிமிசம் லேட்டுக்கா, நான் நாலு நிமிசம் லேட்டு. எறங்கி மெதுவா நடந்துட்டேன்" என்று கையெழுத்துப் போடுவாள். அந்த நாலு நிமிஷத்தையும் பஸ் தலையில் கட்டினால் யார் கேட்கப் போகிறார்கள்? ஒரு தீபாவளிக்கு நான் ஆசைப்பட்டு எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு போய், எல்லாருக்கும் முன்னால் அவளிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டுத் தொலைத்தேன். "கலரு நல்லாருக்குக்கா. ஒங்களுக்குச் சேரல" என்றாள். மற்ற நர்ஸுகள் வாயைப் பொத்திக்கொண்டு மருந்து அறைக்குள் ஓடினார்கள். அந்தச் சேலையை அப்புறம் நான் தொடவில்லை.

சுற்றி வளைப்பானேன், சொல்லிவிடுகிறேன். எனக்கு அவள்மேல் பொறாமை. கோபம், வருத்தம், சீனியர் என்கிற மரியாதைப் பிரச்சினை என்று வேறு வேறு பெயர் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. அந்த ஆஸ்பத்திரியில் எனக்குப் பதினேழு வருஷ சர்வீஸ். அவள் வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கும்போதே ஜனங்கள் அவளைக் கேட்டார்கள். "அந்த நாடி பாக்குற சிஸ்டரு இருக்காகளா?"

அவள் பார்த்தது நாடி இல்லை. அதுதான் வேடிக்கை.

காய்ச்சல், நாடித்துடிப்பு, பிரஷர், மூச்சு, இந்த நான்கையும் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்து எழுதுவது எங்கள் வேலை. முதல் மூன்றுக்கும் எங்களிடம் கருவி உண்டு. மூச்சுக்கு இல்லை. நோயாளியின் நெஞ்சையோ வயிற்றையோ பார்த்தபடி, கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு முழு நிமிஷம் நின்று எண்ண வேண்டும். முப்பது கட்டிலுக்கு முப்பது நிமிஷம். நடக்கிற காரியமா? அதனால் நாங்கள் 'இருபது' என்று எழுதுவோம். எனக்கு முந்தியவர்கள் எனக்குச் சொல்லிக் கொடுத்தது அது. பிந்தி வந்தவர்களுக்கு நான் சொல்லிக் கொடுத்தேன். விறகைக் கரியாக்குகிற கரிமூட்டத்துப் புகையைக் குடித்தவர், தறியில் பஞ்சுத் தூசியைத் தின்றவர், பிரசவ வலியோடு வந்தவள் எல்லாரும் எங்கள் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்துவிட்டால் நிமிஷத்துக்கு இருபது முறைதான் மூச்சு விட்டார்கள். காலையிலேயே டிஸ்சார்ஜ் ஆகி மல்லாங்கிணறு போய்ச் சேர்ந்துவிட்ட ஒருவருக்கும் மதியக் கணக்கில் இருபது போட்டிருந்தது. டாக்டர்களும் அந்தக் கட்டத்தைப் பார்ப்பதில்லை.

அவள் மட்டும் எண்ணினாள். மூச்சை எண்ணப் போகிறோம் என்று தெரிந்தால் நோயாளி மூச்சை மாற்றி விடுவார். அதற்காக மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நாடி பார்ப்பதுபோல நிற்பாள். கண் மட்டும் வயிற்றின் மேல் இருக்கும். "ஒரு நிமிசம் பேசாம இருங்க" என்பாள். டாக்டரே வந்து கூப்பிட்டாலும் அந்த நிமிஷம் முடியாமல் திரும்பமாட்டாள். கிராமத்து ஜனங்களுக்கு இது போதாதா? கையைப் பிடித்துக் கண்ணிமைக்காமல் நிற்கிற பெண்ணை அவர்கள் விடுவார்களா? வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்றுகூடக் கேட்டார்கள். "அய்யோ, எனக்கு நாடியெல்லாம் பாக்கத் தெரியாதும்மா, நான் மூச்சைத்தான் எண்ணுறேன்" என்று உண்மையைச் சொன்னாள். "தெரிஞ்சும் சொல்ல மாட்டேங்குது பாரு, என்ன அடக்கம்!" என்று அவள் மதிப்பு இன்னும் ஏறியது. நான் பதினேழு வருஷமாக ஊசி போடுகிறேன். வலிக்காமல் போடுவேன். ஒருத்தர் கேட்டு வந்ததில்லை.

பேசிக்கொண்டிருக்கும்போதே எண்ணுவாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒருநாள் அவளை நன்றாகத் திட்டிக்கொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டே நின்றவள், "அக்கா, இருபத்தாறு. கொஞ்சம் ஒக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். உட்கார்ந்தேன். வேறென்ன செய்ய?

இந்தச் சமயத்தில்தான் அந்த மெஷின் வந்தது. மெஷின் என்று நாங்கள் சொன்னோமே தவிர, அது ஒரு கம்ப்யூட்டர் ஏற்பாடு. நோட்டில் எழுதுகிற நான்கு எண்ணையும் ஸ்லேட்டு மாதிரி ஒரு டேப்பில் போட வேண்டும். அது கூட்டிக் கழித்துப் பார்த்து, இந்த நோயாளிக்குக் கிருமி ரத்தத்தில் பரவ ஆரம்பித்திருக்கலாம் என்று தோன்றினால் சிவப்பாகும். எங்கள் பெரிய டாக்டரின் போனும் அலறும். செப்சிஸ் என்கிற அந்தக் கண்டத்தை ஒரு மணி நேரம் முந்திப் பிடித்தால் ஆள் பிழைப்பான், பிந்தினால் மதுரைக்கு அனுப்பி வைத்துச் சாமியைக் கும்பிட வேண்டியதுதான். மூன்று மாதம் வைத்துப் பாருங்கள், பிடித்தால் வாங்கிக்கொள்ளுங்கள் என்று கம்பெனிக்காரர்கள் கொடுத்துவிட்டுப் போனார்கள். மெஷின் தேறுமா தேறாதா என்று பார்த்து எழுதுகிற பொறுப்பை டாக்டர் என்னிடம் கொடுத்தார். அதற்கென்று ஒரு தனி நோட்டு, ஒவ்வொரு சிவப்புக்கும் ஒரு வரி. அது நிஜமா, வீணா என்று எழுத வேண்டும். எங்கள் நர்சிங் இன்சார்ஜ் ஓய்வு பெறுகிற நேரம் அது. அடுத்த இன்சார்ஜ் நான்தான் என்று அதிலிருந்தே எனக்குப் புரிந்துவிட்டது. வீட்டுக்குப் போகும் வழியில் அல்வா வாங்கிக்கொண்டு போனேன்.

முதல் வாரத்திலேயே அல்வா கசந்தது. சிவப்பு வந்ததெல்லாம் இரண்டாம் வார்டில் மட்டும், அதுவும் அவள் டூட்டியில் மட்டும். மற்ற வார்டெல்லாம் பச்சைப் பசேலென்று இருந்தது. ஏன் என்று எனக்குத் தெரியாதா? மற்ற எல்லாரும் இருபது போட்டுக்கொண்டிருந்தோம். மெஷினுக்கு நாம் போடுவதுதானே தெரியும்? டாக்டர் மாடிக்கும் கீழுக்கும் ஓடினார். ஓடியபோதெல்லாம் அவளோடுதான் பேசினார். "எத்தனைம்மா இப்ப?" "இருபத்தெட்டு சார்." என்னோடு அவர் அப்படிப் பேசியதே இல்லை.

ஜவுளிக்கடை பாய் ஒருவர் நீர்க்கடுப்புக்காக வந்து படுத்திருந்தார். காய்ச்சல்கூட அதிகமில்லை. இவள் மூச்சை எண்ணிப் போட்டாள், மெஷின் சிவந்தது, டாக்டர் ஓடி வந்து ரத்தம் எடுக்கச் சொல்லிவிட்டு உடனே மருந்து ஏற்றினார். மறுநாள் காலையில் பாய் கால்மேல் கால் போட்டு இட்லி தின்றுகொண்டிருந்தார். நான் நோட்டை எடுத்தேன். ஆள் நன்றாகத்தானே இருக்கிறார், செப்சிஸ் எங்கே வந்தது? 'வீண்' என்று எழுதினேன். வராததற்குக் காரணமே அந்த மருந்துதான் என்று என் கைக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தேதான் எழுதியது. பாய் வீட்டுக்குப் போகும்போது, சவூதியிலிருந்து மகன் கொடுத்தனுப்பிய பேரீச்சம்பழத்தை ஒரு பெட்டி அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார். அவள் எல்லாருக்கும் எண்ணிக் கொடுத்தாள், ஆளுக்கு நாலு. நானும் வாங்கித் தின்றேன். இனிப்பாகத்தான் இருந்தது.

இப்படியே இரண்டு மாதம். பிழைத்தவர்களையெல்லாம் 'வீண்' கட்டத்தில் தள்ளினேன். மாடிப்படி ஏறி வந்து மூச்சு வாங்கியவர் ஒருவர், பயத்தில் வாங்கியவர் ஒருவர் என்று நிஜமாகவே வீணானதும் சில உண்டு. அவற்றைப் பெரிதாக எழுதினேன். டாக்டர் கூட்டிய மீட்டிங்கில் நோட்டைப் பிரித்து வைத்து, "சார், மெஷின் மேல குத்தம் இல்ல. மத்த வார்டுல ஒரு வீண் அலாரம்கூட இல்ல. ரெண்டாம் வார்டுலதான் எல்லாம்" என்றேன். அவள் பெயரை நான் சொல்லவில்லை. சொல்லவும் தேவைப்படவில்லை.

டாக்டர் அவளைப் பார்த்தார். "நீ கொஞ்சம் கூடுதலா எண்ணுறியோ?"

"இல்ல சார். எண்ணுனதத்தான் போடுறேன்."

மற்றவர்கள் எண்ணுகிறார்களா என்று ஒரு வார்த்தை அவள் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நான் அங்கேயே மாட்டியிருப்பேன். மறுநாளிலிருந்து அவளைக் கீழே புறநோயாளிகள் பிரிவில் ஊசி போடும் அறைக்கு மாற்றினார்கள். இரண்டாம் வார்டை நான் எடுத்துக்கொண்டேன். டாக்டரின் போன் ஓய்ந்தது. மெஷின் இப்போதுதான் ஒழுங்காக வேலை செய்கிறது என்று எல்லாரும் சொன்னார்கள்.

பந்தல்குடிப் பக்கம் கரிமூட்டம் போடுகிற ஒருவரை அந்த வாரம் சேர்த்தார்கள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். சீமைக் கருவேல முள் செருப்பைத் துளைத்துக் காலில் ஏறி, அதை அவரே ஊக்கால் நோண்டி எடுத்துச் சுண்ணாம்பு வைத்துக்கொண்டு இரண்டு நாள் விறகு வெட்டியிருக்கிறார். சுகர் வேறு. கால் கணுக்கால் வரை வீங்கியிருந்தது. மருந்து எழுதிக் கொடுத்து, மறுநாள் பார்க்கலாம் என்று படுக்க வைத்தார்கள். மறுநாள் காலை பதினொரு மணிக்கு நான் ரவுண்டு போனேன். காய்ச்சல் லேசாக, பிரஷர் பரவாயில்லை, மூச்சு இருபது. பச்சை.

"சிஸ்டரு, இவுக என்னமோ மாதிரி இருக்காக. கேட்டதுக்குப் பதில் சொல்ல மாட்டேங்கிறாக" என்றாள் அவர் மனைவி.

"காய்ச்சல் இருந்தா அப்படித்தான்மா இருக்கும். தூங்க விடுங்க."

அந்த மனைவி என்னை நம்பவில்லை போலிருக்கிறது. கீழே போய் 'நாடி பார்க்கிற சிஸ்டரை'த் தேடிப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். நான் நிற்கிற வார்டில், என் கட்டிலில், அவள் வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த ஒரு நிமிஷமும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு எரிந்தது. முடித்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"அக்கா, முப்பத்திரெண்டு."

"இப்பத்தானே இருபது போட்டேன்."

"எண்ணுனீகளாக்கா?"

குத்திக்காட்டக் கேட்கவில்லை. அவள் குரலில் அதெல்லாம் இருக்காது. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதுதான் தாங்க முடியவில்லை. அந்த மனைவி பக்கத்தில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். டேப் என் கையில் இருந்தது. முப்பத்திரண்டு என்று மாற்றிப் போட்டால் சிவக்கும், டாக்டர் வருவார், பத்து நிமிஷத்தில் இருபது எப்படி முப்பத்திரண்டானது என்று கேட்பார். இன்சார்ஜ் பதவி, நோட்டு, பதினேழு வருஷம் எல்லாம் அந்த ஒரு எண்ணில் வந்து நின்றது.

"இது ஒன் வார்டு இல்ல. கீழ ஊசிக்கு ஆளு நிக்கும். போ" என்றேன்.

போனாள். நேராக டாக்டரிடம் போயிருக்கிறாள். அவர் தன் போனில் பார்த்துவிட்டு, "பச்சையாத்தானம்மா இருக்கு. இருபதுன்னு போட்டிருக்காங்களே. ஒனக்குக் கொஞ்சம் கூடுதலா எண்ணுற பழக்கம். நாலு மணி ரவுண்ட்ஸ்ல பாக்குறேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவள் மறுபடி மேலே வந்து அந்த மனைவியிடம் மட்டும் ஏதோ சொல்லிவிட்டுப் போனாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்று மணிக்கு அந்த மனைவி எழுந்து ஓடினாள். நான் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். என்னைத் தாண்டிக்கொண்டு, படியிறங்கி, அவளிடம் ஓடினாள். ஆள் போகிற நேரத்திலும் எனக்கு உறைத்தது அதுதான். இவள் டாக்டரைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்தாள். பிரஷர் அதல பாதாளத்தில் இருந்தது. அப்போதுதான் மெஷினும் சிவந்தது. ஆம்புலன்ஸில் ஏற்றி மதுரைக்கு அனுப்பினோம். உயிர் தங்கியது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்து விசாரித்தார்.

"நீ எண்ணும்போது எவ்வளவு?" என்று அவளைக் கேட்டார்.

"முப்பத்திரெண்டு சார்."

"அதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி இவங்க இருபது போட்டிருக்காங்க. இவங்க எண்ணாமப் போட்டாங்கன்னு சொல்றியா?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. மேஜையைப் பார்த்துக்கொண்டு யோசித்தாள்.

"அவுக பாக்கும்போது நான் அங்க இல்ல சார். பாக்காதத நான் எப்படிச் சொல்றது?"

அவ்வளவுதான். என்னைக் காப்பாற்ற நினைத்துச் சொல்லியிருந்தால் நான் நன்றியோடு வெறுத்திருப்பேன். அப்படியும் இல்லை. எண்ணாததை எழுதமாட்டாள், பார்க்காததைச் சொல்லமாட்டாள், அவ்வளவுதான் அவள். டாக்டர் பெருமூச்சு விட்டு, "அப்ப மெஷின்தான் கோட்டை விட்டிருச்சு" என்றார். நான் நோட்டில் அந்த வரியை எழுதினேன்: மெஷின் பிந்திவிட்டது. கம்பெனியிலிருந்து வந்த பையன், "எண்ணெல்லாம் சரியாப் போட்டீங்களா மேடம்?" என்று பணிவாகக் கேட்டபோது, நான் போட்ட சத்தத்தில் வராண்டாவே திரும்பிப் பார்த்தது. மெஷினை அட்டைப் பெட்டியில் கட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த மாதம் நான் இன்சார்ஜ் ஆனேன்.

அவள் அந்த வருஷமே குவைத் போய்விட்டாள். ஏதோ பெரிய ஆஸ்பத்திரியாம். எங்கள் வாட்ஸப் குழுவில் ஒருமுறை படம் போட்டிருந்தாள். அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். அதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

போன பங்குனியில் அந்தக் கரிமூட்டக்காரர் சர்க்கரைக்கு மாத்திரை வாங்க வந்தார். கட்டைக்காலில் தானே நடந்து என் அறைக்குள் வந்து உட்கார்ந்தார். மனைவி சீட்டுப் பதிய நின்றுகொண்டிருந்தாளாம். என்னை உற்று உற்றுப் பார்த்தார்.

"அன்னைக்கி எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. ஆனா ஒரு சிஸ்டரு வந்து கையப் புடிச்சிக்கிட்டு ஒரு வார்த்த பேசாம நின்னாக. அந்தக் கைச்சூடு மட்டும் ஞாபகம் இருக்கு. அது நீங்கதான தாயி?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தியமாக அதற்குத்தான் திறந்தேன்.

"ஆமா" என்றேன்.

உட்கார்ந்தபடியே என் இரண்டு கையையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இத்தனை வருஷமாக நான் காத்துக்கிடந்தது அதற்குத்தான். கிடைத்துவிட்டது. உள்ளுக்குள் எனக்கு என்னவோ குளிர்ந்தது.

"வேற ஒரு நர்சு ஒங்கள வெரட்டுச்சாமே? வீட்டுல சொன்னா. அந்தப் பொம்பள இன்னும் இங்கதான் இருக்கா?"

"இல்ல" என்றேன். "அவ போயிட்டா."

"போகட்டும். நல்லதாப் போச்சு" என்றார்.

கதவு திறந்தது. கையில் சீட்டோடு அவர் மனைவி வந்து நின்றாள். அவர் என் கையை விடாமலே அவள் பக்கம் திரும்பினார். "ஏ, இங்க வா. ஆளக் கண்டுபிடிச்சிட்டேன். அன்னைக்கி என் கையப் புடிச்சாகளே, அது இவுகதான்!"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அவசரப்படாமல் பார்த்தாள். ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை, குரலை உயர்த்தவில்லை. கிட்டே வந்து அவர் கையை என் கையிலிருந்து பிரித்து எடுத்தாள்.

"இவுக இல்ல" என்றாள்.